உறுப்பினர் ரூட்டிஸ்ஹவுசர் எழுந்தார்

இருபத்தேழு ஆண்டில்
பதினோரு தடவைதான் எழுந்திருக்கிறார்.
எண்ணியவள் நான்.
ஃப்ராவன்ஃபெல்ட் ஆவணக் காப்பகத்தின் நிலவறையில்
பக்கத்துக்கு இத்தனை ராப்பன் என்ற கூலிக்கு
மாநில அவையின் பழைய குறிப்பேடுகளை
ஸ்கேன் செய்கிறேன்.
முதல் மாதம் அந்தக் கையெழுத்து
மையில் விழுந்த எறும்பு ஊர்ந்த தடம்.
மூன்றாம் மாதம் எறும்பு கதைக்கத் தொடங்கிற்று.

ஒத்மார் ரூட்டிஸ்ஹவுசர்.
ஆப்பிள் பிழியும் ஆலைக்காரர்.
(இந்த மாநிலத்துக்கு
ஆப்பிள்கள்ளு இந்தியா என்று ஒரு கேலிப்பெயர்.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிச் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன்.)

அவர் பிறந்தபோது துர்காவ் அயலாருக்கு அடங்கிய நிலம்.
இரண்டு ஆண்டுக்கொரு புது அதிகாரி,
பழைய சவுக்கு.
அடிமைக் குடியானவன் செத்தால்
தொழுவத்தில் இருப்பதில் நல்ல மாடு ஆண்டைக்கு.

1803. முதல் அவை, இரண்டாம் நாள்:
'உறுப்பினர் எழுந்து ஒரு பசுவைப் பற்றிப் பேசினார்.
நெற்றியில் சுட்டி உள்ளது என்றார்.
தந்தையின் சவம் வீட்டில் கிடக்கையில்
ஓட்டிச் சென்றார்கள் என்றார்.
பொருளுக்கு வருமாறு தலைவர் பணித்தார்.
இதுதான் பொருள் என்று சொல்லி உறுப்பினர் அமர்ந்தார்.'

அடுத்த ஆண்டு தசமவரி.
ஒழிக்கவில்லை, விலை குறித்தார்கள்:
இருபது ஆண்டு வரியை ஒரே தடவையில் கட்டு,
பிறகு வயல் உன்னுடையது.
ஆம் என்றவர்கள் பட்டியலில் அவர் பெயர்,
பிழையில்லாமல், முழுதாக.
ஊர் மன்னிக்கவில்லை போலிருக்கிறது.
அந்த அறுவடைக்காலம் அவர் அவைக்கு வரவில்லை.
ஓரக்குறிப்பு: 'ஆலையின் திருகு களவு போனமையால்.'

1817. கோடை வராத வருஷத்தை அடுத்த வருஷம்.
எழுத்தரின் மையிலும் தண்ணீர் கலந்திருக்கிறது.
ஒரே நாளில் மூன்று தடவை எழுந்தார்.
கிடங்கைத் திறவுங்கள்.
கிடங்கைத் திறவுங்கள்.
மூன்றாவது:
'உறுப்பினர் எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் நின்றார். அமர்ந்தார்.'
அதையும் ஒரு பேச்சாகவே எண்ணினேன்.

பத்திரிகைகளுக்குப் பூட்டுப் போடும் சட்டத்துக்கும்
அவர் ஆம்தான்.
'முதலில் ஊரார் எழுத்துக் கூட்டப் பழகட்டும்.'
அன்று மத்தியானம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.
பக்கத்தைக் கோணலாக வைத்து
இரண்டு தடவை ஸ்கேன் செய்ய வேண்டிவந்தது.

1830 இலையுதிர்காலம், வைன்ஃபெல்டன்.
பழைய அவை வீட்டுக்குப் போகட்டும் என்று
மனு; கீழே நெருக்கமாகக் கையெழுத்துகள்.
அதில் இன்னொரு ரூட்டிஸ்ஹவுசர்.
மகனா, பெறாமகனா, வெறும் பெயர்ப் பொருத்தமா,
தாள் சொல்லவில்லை.
கையெழுத்தின் வால் மட்டும் ஒன்றுபோல் வளைகிறது.

எனக்கு இங்கே வாக்கில்லை. விண்ணப்பித்திருக்கிறேன்.
நேர்காணலில் மாநில அவைக்கு
எத்தனை பேர் என்று கேட்பார்களாம்.
நூற்று முப்பது.
பசுவைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கடைசி ஏட்டில், கடைசி அமர்வில்,
அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டு
குண்டூசியோடு துருவேறி ஒட்டியிருக்கிறது.
சிறு கத்தியால் மெல்லப் பிரித்தேன்.
இருபத்தேழு ஆண்டாக, போக ஆறு மணி நேரம்,
வர ஆறு மணி நேரம், நடந்துவந்தவர்
வழிச்செலவு கேட்கிறார், முதல் தடவையாக:

சப்பாத்து அடித்தோல், இரண்டு சோடி.
பசுத்தோல். நல்ல தரம்.

எழுத்தரின் கையில் கீழே:
அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது.